வெள்ளிக்கிழமை றோல்ஸ்

புங்குடுதீவில் கோசலா வீட்டு விறாந்தைச் சுவரில் இரண்டு படங்கள் அருகருகே தொங்குகின்றன. ஒன்று பிள்ளையார். மற்றது, கோசலா கேற்றரிங் லிமிட்டெட் என்ற கொம்பனி இங்கிலாந்துச் சட்டப்படி பதிவாகியிருக்கிறது என்று சொல்லும் பத்திரம், கண்ணாடிச் சட்டம் போட்டது. வெள்ளிக்கிழமைகளில் இரண்டுக்கும் சந்தனப் பொட்டும் செவ்வரத்தம்பூவும் உண்டு. பிள்ளையாருக்கு மட்டும் கூடுதலாக ஒரு கதலி வாழைப்பழம். தொடக்கத்தில் பத்திரத்துக்கும் ஒரு பழம் வைத்துத்தான் பார்த்தாள். அணில் வந்து கண்ணாடியைப் பிறாண்டத் தொடங்கியதால் அந்த வழக்கத்தை விட்டுவிட்டாள்.

கொம்பனி இருப்பது லண்டனில், லூயிசம் பக்கத்துப் பின்வீதி ஒன்றில். அதன் ஒரே டிரெக்டர் இருப்பது புங்குடுதீவில், கிணற்றடியில். இதெல்லாம் சட்டப்படி சரிவருமோ என்று ஊரில் ஒரு காலம் கதை அடிபட்டது. கோசலா விளங்கப்படுத்திக் களைத்துப்போனாள். டிரெக்டர் எந்த நாட்டில் குடியிருந்தாலும் அந்த அரசாங்கத்துக்கு அக்கறையில்லை. கொம்பனிக்குத்தான் அங்கே ஒரு நிரந்தர விலாசம் வேண்டும். கொம்பனி வீட்டை விட்டு அசையக்கூடாது, டிரெக்டர் விரும்பின இடத்துக்குப் போகலாம். இதைக் கேட்ட பக்கத்து வீட்டு சறோஜினிதேவி, அப்படியென்றால் தானும் ஒரு கொம்பனி பதியப் போவதாகச் சொன்னாள்.

கிணற்றடிக்கு ஒரு காரணம் இருக்கிறது. வீட்டுக்குள்ளே போன் ஒரு கோடு காட்டும். விறாந்தையில் இரண்டு. கிணற்றடியில், மாதுளைக்கும் உடுப்புத் தோய்க்கிற கல்லுக்கும் நடுவில், நாலு கோடும் நிமிர்ந்து நிற்கும். அந்த இடத்தில் ஒரு பிளாஸ்டிக் கதிரையைப் போட்டு, வெயிலுக்கு ஒரு தறப்பாளும் கட்டியபோது, கொம்பனியின் அலுவலகம் அல்லவா, ஊர் அதற்குக் "கந்தோர்" என்று பெயர் வைத்துவிட்டது. கோசலா எங்கே என்று யாராவது படலையில் நின்று கேட்டால், "கந்தோரிலை நிக்கிறா, கொஞ்சம் இருங்கோ" என்று கோபிசங்கர் சிரிக்காமல் சொல்லுவார்.

இந்தக் கோபிசங்கர்தான் எல்லாவற்றுக்கும் மூலகாரணம். ஐந்து வருடத்துக்கு முன் புருசனும் பெண்சாதியும் ஆறு கிழமை லீவில் ஊருக்கு வந்தார்கள். மூன்றாம் கிழமை கோயிலில் கூட்டம் நடந்தது. லண்டனில் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்து ஓய்வுபெற்ற மனிதரை, வெளிநாட்டு அனுபவம் உள்ளவர் என்று சொல்லித் திருப்பணிச் சபைத் தலைவர் ஆக்கிவிட்டார்கள். "கும்பாபிசேகம் முடியப் போவம்" என்றார். கோபுரம் அன்றிலிருந்து எழும்பிக்கொண்டே இருக்கிறது. முதல் இரண்டு வருடமும் எப்போது போகிறோம் என்று கோசலா கேட்டாள். பிறகு கேட்பதை விட்டாள். லண்டனில் படிக்குப் படி கத்திய முழங்கால், இங்கே கடற்காற்றில் வாயை மூடிக்கொண்டு கிடந்தது ஒரு காரணம். மற்றது, அவள் லண்டனை விட்டு வந்ததாகவே நினைக்கவில்லை. காலையில் கண் விழித்ததும் அவள் பார்ப்பது லூயிசத்தில் மழையா வெயிலா என்றுதான்.

புங்குடுதீவாருக்கு இது ஒன்றும் புதுமையும் இல்லை. கோசலாவின் தகப்பன் ஏரம்பு மாத்தளையில் புடவைக்கடை வைத்திருந்தார். வருசத்தில் பாதி நாள் தீவில் இருந்து கடிதத்தாலே கடையை ஓட்டினவர். "அவருக்குக் கடிதம். எனக்கு வட்ஸ்அப். வேறை என்ன வித்தியாசம்?" என்பாள்.

ஒரு வித்தியாசம் இருந்தது. ஏரம்பு விற்றது துணி. கோசலா விற்பது தின்கிற சாமான். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாண வரவேற்பு என்று தென்கிழக்கு லண்டனில் தமிழர் கூடுகிற இடமெல்லாம் கோசலாவின் மட்டன் றோல்ஸ் போகும். ஐயாயிரம் மைலுக்கு அப்பால் பொரிகிற றோல்ஸ் சரியாக வந்திருக்கிறதா என்று ஒரு மனிசி எப்படிக் கண்டுபிடிப்பது? மணம் பிடிக்க ஏலாது. ருசி பார்க்க ஏலாது. கண்ணால் பார்க்கலாம்தான், ஆனால் போன் படத்தில் எல்லா றோல்ஸும் ஒரே நிறம். அப்போதுதான் கோசலா தன் காதைக் கண்டுபிடித்தாள்.

தினமும் லண்டன் நேரம் காலை ஒன்பது மணிக்கு, பொரிக்கிற எண்ணெய்த் தாச்சியில் முதலாவது இறங்கும் என்பது கோசலாவின் கணக்கு. புங்குடுதீவில் அது மத்தியானம் ஒன்றரை. கோசலா கந்தோரில் ஆயத்தமாக இருப்பாள். குசினிப் பொறுப்பாளர் நிலாந்தி, ஒரு றோல்ஸை எடுத்து, போனை வாயருகே பிடித்து, கடிக்க வேண்டும். கோசலா கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். மேல் தோல் உடைகிற சத்தம், உள்ளே கிழங்கும் இறைச்சியும் நசிகிற சத்தம், இரண்டுக்கும் இடையில் ஒரு சின்ன இடைவெளி. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லுவாள். "எண்ணெய் காயேல்லை." "ரஸ்க் தூள் ஈரம் பட்டிட்டுது." "இண்டைக்குக் காணும், அனுப்பும்." குளிர்காலத்தில் லண்டன்காரர் மணிக்கூட்டைத் திருப்பிவிட்டால் இந்தப் பூசை இரண்டரைக்குப் போகும். கோபிசங்கருக்கு அன்றிலிருந்து மத்தியானச் சோறும் ஒரு மணித்தியாலம் பிந்தும்.

இந்த விசாரணையில் ஒவ்வொரு கிழமையும் ஒரு நாள் மற்ற நாட்களைத் தூக்கி அடித்தது. வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை றோல்ஸின் சத்தத்துக்குக் கிட்ட எதுவும் நிற்கவில்லை. மொறுக் என்று ஒரே உடைவு, கேட்கிறவருக்கு வாய் ஊறும். அதுவும் விரத நாளில், வீட்டில் மீன் சட்டியைக் கவிட்டு வைத்துவிட்டு மரக்கறிச் சோற்றோடு இருக்கிற கோசலாவுக்கு அந்தச் சத்தம் ஒரு சோதனைதான். "இது றோல்ஸ், நிலாந்தி. மற்ற நாளும் இப்பிடிப் பொரிச்சால் என்ன?" என்று கேட்பாள். நிலாந்தி, "பாப்பம் அக்கா" என்பாள். அதற்காகவே ஒருமுறை ரஸ்க் தூளை மாற்றினார்கள், எண்ணெயை மாற்றினார்கள், தாச்சியைக்கூட மாற்றினார்கள். திங்கட்கிழமை திங்கட்கிழமையாகவே இருந்தது.

நிலாந்திக்கு முப்பத்தெட்டு வயது. வேலணைப் பிள்ளை. பத்து வருடமாகக் கொம்பனியில் இருக்கிறாள், கடைசி ஐந்து வருடமும் அவள்தான் எல்லாம். ஆனால் பெயருக்கு அவள் சம்பளக்காரி. கட்டிடத்துக்குக் குத்தகை புதுப்பிப்பதென்றாலும், இறைச்சிக்காரரை மாற்றுவதென்றாலும் டிரெக்டர் வரவேண்டும். போன வருடம் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்து, பொறுப்பானவரோடு பேசவேண்டும் என்றார். நிலாந்தி வீடியோவில் கோசலாவை எடுத்துக் கொடுத்தாள். கோசலா தோளில் சால்வை போட்டு, தலையை நிமிர்த்தி, சுத்தம் பற்றிக் கொம்பனியின் கொள்கையை ஆங்கிலத்தில் எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில், பின்னால் சறோஜினிதேவியின் ஆடு வந்து கொடியில் காய்ந்த சேலையை மெல்லத் தொடங்கியது. அது எங்கே இருக்கிற கிளை என்று பரிசோதகர் கேட்டார். தலைமைக் கந்தோர் என்று கோசலா சொன்னாள். அந்த மனிதர் போனை நிலாந்தியிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அன்றைக்குத்தான் நிலாந்தி முதல்முதலாகக் கேட்டாள். தன்னையும் ஒரு டிரெக்டராகப் போட்டால் இந்தக் கரைச்சல் இல்லைத்தானே என்று.

"பாப்பம்," என்றாள் கோசலா.

யாழ்ப்பாணத்தில் பாப்பம் என்றால் என்ன என்று நிலாந்திக்குத் தெரியாமல் இல்லை. மூன்று மாதம் கழித்து இன்னொருமுறை கேட்டாள். அப்போதும் பாப்பம்தான். "குடுத்தால் என்னப்பா? அந்தப் பிள்ளை தானே எல்லாம் செய்யுது," என்று கோபிசங்கர் ஒருநாள் சோற்றுக்கு முன்னால் வாய் விட்டார்.

"குடுத்துப்போட்டு நான் என்ன செய்யிறது? உங்கடை கோபுரத்துக்குச் சீமெந்து குழைக்கிறதோ?"

கோபிசங்கர் பருப்பை இன்னும் கொஞ்சம் விடச் சொன்னார்.

ஆனால் அவள் சொன்னது பகிடி இல்லை. ஊரில் அவள் திருப்பணிச் சபைத் தலைவரின் பெண்சாதி. கிணற்றடியில் மட்டும்தான் அவள் கோசலா. ஒன்றரை மணிக்கு அந்தக் கதிரையில் இருக்கும்போது, ஒரு குசினி முழுக்கத் தன் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது என்ற நினைப்பு அவளுக்கு மற்ற இருபத்துமூன்று மணித்தியாலத்துக்கும் போதும். டிரெக்டர் பதவியை இன்னொருத்திக்கும் கொடுத்தால் நாளைக்கு யார் தன்னைக் கேட்டுக்கொண்டு நிற்கப்போகிறார்கள் என்று பயந்தாள். அந்தப் பயத்துக்குத்தான் பாப்பம் என்று பெயர் வைத்திருந்தாள்.

போன வைகாசியில் ஒரு புதன்கிழமை, றோல்ஸ் கடித்து முடிந்த பிறகும் நிலாந்தி போனை வைக்கவில்லை.

"அக்கா, ஒரு விசயம். அன்ரனிதாஸ் அண்ணை இங்கை கிட்ட, கற்போட்டிலை, எங்களைப்போல புதுக் குசினி ஒண்டு திறக்கிறார். என்னைப் பங்காளியாய் வரச்சொல்லிக் கேட்டவர். திங்கக்கிழமைக்கிடையிலை பதில் சொல்லவேணும்."

"நீர் என்ன சொன்னனீர்?"

"இன்னும் ஒண்டும் சொல்லேல்லை. உங்களுக்கு முதல் சொல்லவேணும் எண்டு இருந்தனான்."

கோசலா கணக்குப் பார்த்தாள். நிலாந்தி போனால் கொம்பனியை மூட வேண்டும், அல்லது தான் முழங்காலையும் தூக்கிக்கொண்டு லூயிசம் போகவேண்டும். கோபுரத்தை விட்டுக் கோபிசங்கர் வரமாட்டார். அறுபதை நெருங்குகிற வயதில் ஆளுக்கொரு நாட்டில் சமைத்துச் சாப்பிடவா? அன்றும் மறுநாளும் கந்தோரில் இருந்து தெரிந்த ஆட்களுக்கெல்லாம் போன் எடுத்தாள். குசினி பார்க்க ஆள் கிடைக்குமா என்று கேட்டாள். எல்லோரும் ஒரே பதில் சொன்னார்கள். நிலாந்தி மாதிரி ஒரு ஆள் இருந்தால் தங்களுக்கும் சொல்லட்டாம்.

பயம் முற்றினால் கோசலாவுக்குக் கோபமாக மாறும். வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் நல்ல கோபத்தில் இருந்தாள். பத்து வருடம் சோறு போட்ட இடத்தை விட்டுப் போகிறாளே என்று சந்தனம் அரைக்கும்போதே மனதுக்குள் பேசினாள். ஒன்றரைக்குக் கந்தோருக்குப் போய், வேறு கதை ஒன்றும் இல்லாமல், "கடிச்சுக் காட்டும்," என்றாள்.

மொறுக்.

கோபம் இருந்தும் கோசலாவால் பொய் சொல்ல முடியவில்லை. "திறம். அனுப்பும்," என்று போனை வைத்தாள்.

நாலு மணிக்கு விறாந்தையில் கோபிசங்கர் தேத்தண்ணியோடு இருந்தார். யாழ்ப்பாணம் போய்வந்த யாரோ வாங்கிக் கொடுத்த பருத்தித்துறை வடைப் பெட்டி மடியில் திறந்திருந்தது. கடதாசி மாதிரி மெல்லிய தட்டை வடை. ஒன்றை எடுத்துக் கடித்தார்.

மொறுக்.

உள்ளே பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த கோசலா அப்படியே நின்றாள். பிறகு வெளியே வந்தாள்.

"இன்னொருக்கால் கடியுங்கோ."

கலியாணமாகி முப்பத்துமூன்று வருடத்தில் இப்படி ஒரு உபசாரம் அவருக்கு நடந்ததில்லை. சந்தோசமாகக் கடித்தார். கோசலா அவர் வாயருகே காதைக் கொண்டுபோனாள். இன்னொன்று கடிக்கச் சொன்னாள். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள், அவருக்கு அழைப்பு எடுத்தாள், போனை வாய்க்குக் கிட்டப் பிடித்துக் கடிக்கச் சொன்னாள். விறாந்தையில் இருந்து கிணற்றடிக்கு வெள்ளிக்கிழமை றோல்ஸ் அப்படியே வந்து சேர்ந்தது. உறுதிப்படுத்த இன்னும் இரண்டு. ஆறாவது வடையில் கோபிசங்கர், "உமக்கு ஏதும் சுகமில்லையோ?" என்று கேட்டார்.

கோசலா அவருடைய அழைப்பை வெட்டிவிட்டு லூயிசத்துக்கு எடுத்தாள்.

"நிலாந்தி. வெள்ளிக்கிழமையிலை நீர் எனக்குக் கடிச்சுக் காட்டுறது றோல்ஸ் இல்லை."

அந்தப் பக்கம் தாச்சியின் இரைச்சல் மட்டும் கேட்டது. யாரோ எதையோ கழுவினார்கள்.

"ஓம் அக்கா. பருத்தித்துறை வடை."

"எத்தினை நாளாய்?"

"நீங்கள் போன நாளிலை இருந்து. வெள்ளிக்கிழமை நான் மச்சம், இறைச்சி சாப்பிடுறேல்லை. நீங்களும் சாப்பிடுறேல்லைத்தானே அக்கா."

கோசலாவுக்குத் தலையில் யாரோ குட்டின மாதிரி இருந்தது. ஐந்து வருடம். ஒவ்வொரு வெள்ளியும் தன் வீட்டில் மீன் சட்டியைக் கவிட்டு வைத்துவிட்டு, அதே விரதம் பிடிக்கிற ஒரு பிள்ளையை மட்டன் றோல்ஸ் கடிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு நாளாவது யோசித்துப் பார்க்கவில்லை.

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"முதல் வெள்ளி சொல்லத்தான் இருந்தனான். தேத்தண்ணியோடை வடை கடிச்சுக்கொண்டு நிக்கேக்கை உங்கடை கோல் வந்தது. நான் வாய் திறக்க முதல், 'இதுதான் றோல்ஸ்' எண்டு சொல்லிப்போட்டீங்கள். அவ்வளவு சந்தோசமாய்ச் சொன்னீங்கள். பிறகு எப்பிடி அக்கா சொல்லுறது?"

"அப்ப வெள்ளிக்கிழமை றோல்ஸை ஆர் பாக்கிறது?"

"நான்தான். எண்ணெயிலை இருந்து வரேக்கை நிறத்திலை தெரியும். மணத்திலை தெரியும். கடிக்கத் தேவையில்லை."

"அப்ப மற்ற நாளும் கடிக்கத் தேவையில்லை."

நிலாந்தி யாரிடமோ நெருப்பைத் தணிக்கச் சொன்னாள்.

"தேவையில்லைத்தான் அக்கா," என்றாள். "நீங்கள் ஒன்பது மணிக்கு எடுக்க முதலே றோல்ஸ் ஏத்தின முதல் வான் வெளிக்கிட்டிடும். சனம் பாத்துக்கொண்டு நிக்குமே? உங்களுக்கு அந்தச் சத்தம் கேக்கவேணும் எண்டு எனக்குத் தெரியும். அதுதான் ஒண்டு எடுத்து வைக்கிறனான்."

கோசலா போனை மடியில் வைத்தாள். அழைப்பை வெட்டினாளா என்றுகூட அவளுக்குத் தெரியாது. கிணற்றுக் கட்டில் ஒரு காகம் வந்து இருந்து, அவளைப் பார்த்துவிட்டுப் போனது. அவளுக்கு வெட்கமாக இருந்தது. எண்ணெய் காயவில்லை என்று தான் சொன்ன நாட்களில் றோல்ஸ் பாதி வழி போய்விட்டிருக்கும். அந்தப் பக்கம் நிலாந்தி, "ஓம் அக்கா, இனிக் கவனிக்கிறன்" என்று சொல்லிக்கொண்டு நின்றிருப்பாள். ஐந்து வருடம், ஒரு நாள் தவறாமல், வேலைக்கு நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிசிக்காகக் கடித்துக் காட்டியிருக்கிறாள். பெற்ற பிள்ளைகூட அப்படிச் செய்யாது. வேறு ஆள் பிடித்தால் குசினி ஓடும். இப்படி ஒருத்தி கிடைப்பாளா? கோசலா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு திரும்ப எடுத்தாள்.

"நிலாந்தி, பாஸ்போட்டிலை உம்மடை முழுப்பேர் எப்பிடி இருக்கு?"

"ஏன் அக்கா?"

"டிரெக்டர் எண்டு பதியேக்கை பிழை விடக்கூடாது. பாதிப் பங்கும் உமக்குத்தான். விபரத்தை இப்ப அனுப்பும்."

"அக்கா, நான் அதுக்காண்டிச் சொல்லேல்லை."

"தெரியும். அதுதான் தாறன். விருப்பமில்லாட்டிச் சொல்லும், அன்ரனிதாஸிட்டைப் போம். நான் மறிக்கேல்லை."

நிலாந்தி அழுகிறாளா, வெங்காயம் உரிக்கிற இடத்துக்குக் கிட்ட நிற்கிறாளா என்று போனில் தெரியவில்லை. கடைசியில், "அன்ரனிதாஸ் அண்ணைக்கு நான் என்ன சொல்ல?" என்று கேட்டாள்.

"ஒரு பெட்டி றோல்ஸ் அனுப்பிவிடும். மனம் ஆறும்."

விபரம் வந்தது. தன் பங்குக்கு எல்லாவற்றையும் நிரப்பி அனுப்பக் கோசலாவுக்குப் பத்து நிமிடம்தான் எடுத்தது. எழும்பிப் போய் விறாந்தையில் கொம்பனிப் பத்திரத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள். கோபிசங்கர் என்ன நடந்தது என்று கேட்டார். "ஒண்டுமில்லை. வடையை மூடி வையுங்கோ, நமுத்துப்போம்," என்றாள்.

மறுநாள் சனிக்கிழமை. கோசலா ஒரு மணிக்கே சோறு போட்டாள். கோபிசங்கர் மணிக்கூட்டைப் பார்த்தார், பெண்சாதியைப் பார்த்தார், சோற்றைப் பிசைந்தார். ஒன்றரையானது. கோசலா கந்தோருக்குப் போகவில்லை. கோப்பைகளைக் கழுவினாள். கழுவின கோப்பைகளை இன்னொருதரம் கழுவினாள். ஒன்று நாற்பதுக்குப் போன் அடித்தது. அது அடித்ததும் அவள் கிணற்றடிக்குப் போன வேகத்தைப் பார்த்தால் முழங்கால் நோ என்று யாரும் நம்பமாட்டார்கள்.

"ஏன் அக்கா எடுக்கேல்லை? றோல்ஸ் ஆறுது."

"நீர் இப்ப டிரெக்டர். எனக்குக் கடிச்சுக் காட்டத் தேவையில்லை."

"கடிச்சுக் காட்டேல்லை. எனக்குப் பசிக்குது, சாப்பிடுறன். நீங்கள் சும்மா இருந்து கேளுங்கோ."

கோசலா கதிரையில் இருந்து கண்ணை மூடினாள். மேல் தோல் உடைந்தது. ஒரு சின்ன இடைவெளி. பிறகு கிழங்கும் இறைச்சியும் மெல்ல நசிந்தன. நிலாந்தி ஆறுதலாக, அவசரமில்லாமல், முழு றோல்ஸையும் சாப்பிட்டு முடித்தாள். கோசலாவின் கண் கலங்கிவிட்டது.

"எப்பிடி அக்கா?"

"பரவாயில்லை," என்றாள் டிரெக்டர். "ஆனால் வெள்ளிக்கிழமை மாதிரி இல்லை."